கோலாட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தபோது

ஜெனி, என் கண்ணு,

முதலில் காலேஜ் செய்தி. இந்த வருடம் முதலாண்டுக்கு வந்த பிள்ளைகளிடம் விளையாட்டுப் பாடத்துக்கான படிவத்தைப் போனிலேயே நிரப்பச் சொல்லிவிட்டார்கள். எறிபந்து, கபடி, யோகா என்று மூன்றுதான் அதில் இருக்கின்றன. கிராமிய நடனம் இல்லை. நீ போன பிறகு அதை நீக்கியவர்கள் திரும்பச் சேர்க்கவே இல்லை.

புதன்கிழமை கடைசி இரண்டு பீரியட் இப்போதும் விளையாட்டுக்குத்தான். மேடைப் படியில் இந்த வருடம் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். உடம்பு முடியாது என்று எழுதிக் கொடுத்தவர்கள். 'மெடிக்கல்' என்றுதான் இன்னமும் அவர்களைக் கூப்பிடுகிறார்கள். அதில் ஒருத்தி, குட்டையாக இருப்பாள், துப்பட்டாவை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு ரெக்கார்டு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. லைப்ரரியைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்குப் போகிறேன்.

இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் நம் காலேஜ் ஆட்களும் நம் தெரு ஆட்களும் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

உன் அம்மாவும் என் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். கவரைப்பேட்டையில் ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி வளர்ந்தோம். ஒரே காலேஜ், ஒரே பி.காம்., ஒரே பெஞ்ச். ஏழு வயதில் உனக்குக் காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கியது. காய்ச்சல் போய்விட்டது, இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. சித்தப்பா போன பிறகு சின்னம்மா சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போய்க்கொண்டு, உன் ஊசித் தேதியைக் காலண்டரில் சுழித்து வைத்துக்கொண்டு, உன்னைக் காப்பாற்றினாள்.

காலேஜில் சேர்ந்ததும் சின்னம்மா நேரில் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். உன்னை மேடைப் படியில் உட்கார வைத்தார்கள். ஆடாத பிள்ளைகள் எறிபந்து விதிமுறைகளை நோட்டில் எழுதி, மைதானத்தைப் படமாக வரைய வேண்டும். "நாங்க ஆடாத ஆட்டத்துக்கு நாங்களே கோடு போட்டுக்கினு குந்திக்கினுக்கிறோம்" என்று நீ சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் எனக்கு அன்றைக்கு எதுவும் தெரியவில்லை.

இரண்டாம் செமஸ்டரில் நான் நடனம் எடுத்தேன். கலைவாணி மிஸ்தான் விளையாட்டுக்கும் நடனத்துக்கும். தற்காலிக வேலையில் இருந்தவர். ஹால் கிடையாது, கூடைப்பந்து ஆடும் சிமெண்ட் தரையில்தான் வகுப்பு. ஆண்டு விழாவுக்குக் கோலாட்டம் என்று முடிவானது. எண்ணிப் பார்த்தால் பதினைந்து பேர். கோலாட்டத்துக்கு ஜோடி வேண்டும். "ஒத்தப்படையா இருக்கீங்க. புதன்கிழமைக்குள்ள இன்னொருத்தி கெடைக்கலன்னா ஒருத்திய எறிபந்துக்கு மாத்திடுவேன்" என்றார் மிஸ். ஜோடியில்லாமல் நின்றவள் நான்.

எனக்கு அந்த மேடை வேண்டும் என்று இருந்தது ஜெனி. பச்சைப் புடவை, நெற்றிச்சுட்டி, வீடியோ எல்லாம் வேண்டும் என்று இருந்தது. அதைத் தவிர வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆசைப்பட்டது நீ, துணைக்கு நின்றது நான் என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிப் பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. உனக்கும் எனக்கும் தெரியும். முதலில் கேட்டது நான்தான்.

"வாணாம்டி. அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடும்" என்றாய்.

"சின்னம்மாவுக்கு யார்டி சொல்லப் போறா? மெதுவா ஆடுற ஆட்டந்தானே? ஓடவா போற?"

மறுநாள் ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "லெட்டர் யாரு எழுதுறது?" என்று கேட்டாய்.

நான் எழுதினேன். என் மகளுக்கு இப்போது உடல்நலம் தேறிவிட்டது, நடன வகுப்பில் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன் என்று இரண்டு வரி. கீழே சின்னம்மாவின் கையெழுத்து. லூர்து என்று மூன்று எழுத்து. ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஒரே தடவையில் வந்துவிட்டது.

மிஸ் அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். உன்னையும் பார்த்தார். பிறகு மடித்து வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டு, "மூச்சு வாங்குனா யாரையும் கேக்காத, போய் குந்திடு. வீரமெல்லாம் காட்டக் கூடாது, புரியுதா?" என்றார்.

மூன்று மாதம் ஆடினோம். சில புதன்கிழமை நீ பாதியில் போய் உட்கார்ந்துவிடுவாய். மிஸ் உன் இடத்தில் வந்து நின்று என் கோலில் அடிப்பார். வீட்டுக்குப் போகும்போது உன் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "ரயிலப் புடிக்க வேகமா நடந்தோம் இல்ல, அதான்" என்பாய். நானும் அதை நம்ப விரும்பினேன்.

ரொம்ப நாள் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. விழா அன்றைக்கு மேடைக்குப் பின்னால், நமக்கு முந்தின நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, நீ என் தோளைப் பிடித்துக்கொண்டாய். உதட்டில் போட்டிருந்த சாயத்துக்கு ஓரத்தில் நீலம் தெரிந்தது. "ஒரு மாதிரி இருக்குதுடி" என்றாய். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "அஞ்சு நிமிஷந்தான் ஜெனி, முடிஞ்சிரும்" என்றேன். திரையை இழுத்தார்கள். ஏறினோம். நீ முழுவதும் ஆடினாய்.

நான் அப்போது மிஸ்ஸைக் கூப்பிட்டிருந்தால்?

இரண்டு மாதம் கழித்து, மே மாத வெயிலில், உனக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. கால் வீங்கியது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். ஏழாவது நாள் வராந்தாவில் ஒரு டாக்டரம்மாவை நிறுத்தி, ஆடினதைச் சொன்னேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "வால்வு ரொம்ப நாளாவே சுருங்கிட்டு வந்திருக்கு. டான்ஸாலதான்னும் சொல்ல முடியாது, டான்ஸால இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எந்தப் பக்கம் போவது? இந்த ஒன்றரை வருடத்தில் ஒரு நாள் அந்த முதல் பாதியில் எழுந்திருக்கிறேன், ஒரு நாள் இரண்டாவது பாதியில்.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் நம் வகுப்புப் பெண்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆறுதலுக்கு என்று நினைத்து ஒருத்தி தன் போனில் அந்தக் கோலாட்டத்தைப் போட்டு சின்னம்மாவிடம் காட்டினாள். சின்னம்மா கடைசிவரை பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இவள யாரு ஆட வுட்டது?" என்றாள்.

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

திங்கட்கிழமை சின்னம்மா காலேஜ் கேட்டில் நின்றாள். நானும் என் அம்மாவும் பக்கத்தில் நின்றோம். மிஸ் வந்ததும் சின்னம்மா அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள். "ஆட வாணாம்னு எய்தித்தானே குத்தேன்? எம் பொண்ண நீ மேடையேத்திச் சாவடிச்சிட்டியேடி!" கம்பெனி பஸ்ஸெல்லாம் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்துப் போனது. பிரின்சிபால் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, "பெற்றோர் சம்மதக் கடிதம் ஏதாவது வாங்கினீங்களா?" என்று மிஸ்ஸைக் கேட்டார்.

இப்போது எடுத்துக் காட்டப் போகிறார், சின்னம்மா இது என் கையெழுத்து இல்லை என்று சொல்லப் போகிறாள், எல்லோரும் என் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

மிஸ் சொன்னார்: "இல்ல சார். நானாத்தான் சேத்துக்கினேன்."

அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள். நான் அடுத்த வருடத்துக்குப் போனேன், அதற்கடுத்த வருடத்துக்கும் போனேன். பாடம் படித்தேன், பாஸ் ஆனேன். சின்னம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நீயாவது கூட இருந்து பாத்துக்கினியே கண்ணு" என்று தலையைத் தடவுவாள். நான் அதற்கும் நின்றேன்.

இந்த ஜூலையில் சாதிச் சான்றிதழ் வேலையாகத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது ஸ்டேஷன் பக்கம் ஒரு வேன் நின்று பெண்களை இறக்கிவிட்டது. குடோனில் பெட்டி அடுக்குகிறவர்கள், எல்லோருக்கும் ஒரே நீல மேல்சட்டை, கழுத்தில் அட்டை. அதில் ஒருவர் மிஸ். முதலில் அவர்தான் என்னைப் பார்த்தார். ஒளிந்துகொள்ள இடம் தேடினேன்.

"சகாயம்தானே? சின்னம்மா எப்பிடி இருக்காங்க?" என்றார்.

"இருக்காங்க மிஸ்."

"ஊசி போட்ட ஆஸ்பத்திரி, காலேஜ்னு அலைஞ்சிக்கினே இருந்தவங்க. இப்ப இன்னா பண்ணுவாங்கன்னு நெனச்சிக்குவேன்."

கடம்பத்தூரில் அண்ணன் வீட்டுப் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லி, கேட்காமலே நம்பர் கொடுத்தார். அந்தக் கடிதம் என்ன ஆனது என்று கேட்க வாய் வரவில்லை. மிஸ் விசில் பிடித்த கையில் இப்போது டேப் ஒட்டும் மெஷின் கீறிய தழும்பு இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, சின்னம்மா ஷிப்ட் முடிந்து வரும் நேரத்துக்கு உன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். சின்னம்மா யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், கையெழுத்து, ஜோடி, மேடைக்குப் பின்னால் உன் உதடு.

சின்னம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "அவ கேட்டாளா, நீ கூப்ட்டியா?"

"நான்தான் கூப்ட்டேன் சின்னம்மா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழாயைத் திறந்து பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. பக்கெட் நிறைந்து வழிந்த பிறகும் குழாயை மூடவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. என் அம்மாவோடும் பேசவில்லை. என் அம்மா என்னைப் பார்த்து, "அத்தச் சொல்லாம இருந்திருக்கலாம்ல? செத்தவ எயுந்து வரப் போறாளா?" என்று அழுதாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறதோ என்று படுத்தபடி யோசிப்பேன். நான் சொன்னது உனக்காகவா, மிஸ்ஸுக்காகவா, அல்லது என் நெஞ்சு கனம் குறையட்டும் என்றா?

நான்காவது ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் சின்னம்மா என் முன்னால் வந்து நின்றாள். "அந்த மிஸ்ஸு ஊடு எங்கக்கீது? என்னிய இட்னு போ" என்றாள்.

பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் பஸ், அங்கிருந்து ரயிலில் கடம்பத்தூர். வழி முழுக்கச் சின்னம்மா எனக்கு முன் சீட்டிலேயே உட்கார்ந்து வந்தாள். மிஸ்ஸின் வீடு ஒற்றை அறை. நாற்காலியை எடுத்துப் போட்டார். சின்னம்மா உட்காராமல் கையைக் கூப்பிவிட்டாள்.

"கேட்டாண்ட வெச்சி உங்கள இன்னா பேச்சு பேசிட்டேன். சட்டையப் புட்சிட்டேன். இவ இப்பத்தான் சொல்றா. கையெய்த்து இவ போட்டாளாம். நீங்க அறியாம சேத்துக்கினீங்க. என்ன மன்னிச்சிருங்கம்மா."

மிஸ் சின்னம்மாவின் கையைப் பிடித்து இறக்கினார். "அறியாம இல்லம்மா" என்றார்.

சின்னம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"மொத செமஸ்டர்ல நீங்க நேர்ல வந்து எழுதிக் குடுத்தீங்க இல்ல? அந்தப் பேப்பர் ஏங்கிட்டதான் இருந்துச்சி. இத அதுகூட வெச்சிப் பாத்தேன். எழுத்து ஒரே மாதிரி இருந்துச்சி, ஆனா உங்களுது நடுங்கி இருக்கும், இது நடுங்கல. தெரிஞ்சேதான் சேத்தேன். உங்க பொண்ணு அந்தப் படியில குந்தினு பாக்கற பார்வைய ஆறு மாசம் பாத்தேன். கொஞ்சமா ஆடுனா இன்னா ஆயிடும்னு நெனச்சிட்டேன். பிரின்சிபால் கேட்டப்ப அந்த லெட்டர் பைலதான் இருந்துச்சி. காட்டுனா நான் தப்பிச்சிக்கலாம், இந்தப் பொண்ணு மாட்டிக்கும். பொய்யின்னு தெரிஞ்சே வாங்குன பேப்பர எப்பிடிம்மா காட்டுறது? வூட்டுக்கு வந்து கிழிச்சிட்டேன்."

சின்னம்மா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உனுக்குத் தெரியும். இவளுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். எனுக்கு மட்டுந்தான் தெரியாது. பெத்தவ நானு."

வெளியே அரக்கோணம் போகும் ரயில் ஒன்று கடந்தது. மிஸ் கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது.

பிறகு சின்னம்மா, யாரையும் பார்க்காமல், "நல்லா ஆடுவாளா?" என்று கேட்டாள்.

மிஸ் பொய் சொல்லவில்லை. "சுமாராத்தாம்மா ஆடுவா. தாளம் தப்பிடும். தப்புனா நாக்கக் கடிச்சிக்கினு பக்கத்துல இருக்கறவளப் பாத்துச் சிரிச்சிடுவா. நான் திட்டுவேன்."

சின்னம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கிளம்பும்போது, மன்னித்தேன் என்று அவளும் சொல்லவில்லை, மன்னியுங்கள் என்று மிஸ்ஸும் கேட்கவில்லை. ஆறிப்போன டீயை மட்டும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள்.

திரும்பும்போது ரயிலில் கூட்டம். பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்க முடிந்தது. திருவள்ளூர் வந்து இறங்கும்போது சின்னம்மா, ஊரிலிருந்து கிளம்பின பிறகு முதல் தடவையாக, என்னிடம் பேசினாள். "உம் மூஞ்சியப் பாத்தா எனுக்கு அவ ஞாபகம் வர்து. பாக்காட்டியும் வர்து. நான் இன்னா பண்றது, சொல்லு?"

எனக்குத் தெரியவில்லை ஜெனி. உனக்குத் தெரிந்தால் அவள் கனவிலாவது வந்து சொல்லு.

போன வியாழக்கிழமை நடந்ததை முழுக்க எழுதிக் கையெழுத்துப் போட்டு பிரின்சிபாலிடம் கொண்டுபோனேன். மிஸ்ஸிடம் சம்மதக் கடிதம் இருந்தது, பொய்யாக எழுதியது நான், அவரை அனுப்பியபோது நான் அந்த அறையிலேயே வாய்மூடி நின்றேன் என்று எழுதியிருந்தேன். கடிதம் பொய் என்று மிஸ்ஸுக்குத் தெரியும் என்பதையும் எழுதினேன். அவரிடம் கேட்டபோது, "எழுதுறதுன்னா எல்லாத்தையும் எழுது" என்றார். பிரின்சிபால் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மடித்து என் பக்கம் தள்ளினார்.

"முடிஞ்சிபோன விஷயம்மா. கடைசி வருஷம். டிகிரிய வாங்கிக்கினு நிம்மதியாப் போ. இத இப்ப ஆபீஸ்ல வாங்குனா உன் மேலதான் நடவடிக்கை எடுக்கணும்."

"எடுங்க சார்" என்றேன். அவர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மிஸ்ஸுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அவரே வேண்டாம் என்றுதான் சொல்லுவார். படியில் உட்கார்ந்திருக்கும் அந்த நான்கு பேருக்கும் இதனால் ஒன்றும் ஆகிவிடாது. நீயும் வரப் போவதில்லை. இருந்தாலும் உன் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஆபீஸில் இருக்கிற காகிதத்தில், ஆசிரியரின் அலட்சியம் என்று மட்டும் எழுதியிருக்கிறது. என் பெயர் எங்கேயும் இல்லை.

திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன். தள்ளிவிட்டால் செவ்வாய்க்கிழமை போவேன். நேற்று இதைச் சின்னம்மாவிடம் வாசலில் நின்றபடியே சொன்னேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். என்னோடு பேசிக்கொண்டு வரமாட்டாள், நாலடி தள்ளித்தான் நடப்பாள். பரவாயில்லை. பிரின்சிபால் அதை வாங்கிப் பதிவு போடும் வரை நாங்கள் இருவரும் போய்க்கொண்டே இருப்போம். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் பெரியம்மா மகள்,
சகாயமேரி